காற்றோடு உதைத்தால் போதுமா?

புத்தளத்திலிருந்து கற்பிட்டி நோக்கிச் செல்லும் வீதியில், ஒருபுறம் களப்பும் மறுபுறம் கடலுமாக ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில், கல்லூரியொன்றின் மைதானத்திலே சென்ற ஜூலை மாதம் உதைபந்தாட்டப் போட்டியொன்றைப் பார்த்தேன். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் ஆட்டம். (இலங்கையில் பாடசாலைகளையே கல்லூரி என்று அழைப்பது வழக்கம் என்பதைத் தமிழகத்து வாசகர்கள் நினைவிற் கொள்க.) நண்பர் வீட்டுத் திருமணத்துக்குச் சென்ற நான், பந்தல் வேலைகளின் ஆரவாரத்திலிருந்து சற்று நேரம் தப்பிக்கும் நோக்குடன்தான் மைதானத்துக்குப் போனேன். அங்கு கண்ட ஒரு காட்சி இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. அதனாலேயே இதனை எழுதுகிறேன்.

கல்லூரியின் பெயரையோ, ஆசிரியரின் பெயரையோ, பிள்ளைகளின் பெயர்களையோ இங்கு குறிப்பிடப் போவதில்லை. குறை சொல்லப் புகும் இடத்தில் பெயர் சொன்னால் குறை மறைந்துவிடும். பெயர் மட்டுமே எஞ்சும். பத்திரிகைத் தொழிலில் கழித்த ஆண்டுகள் எனக்குக் கற்பித்த பாடம் இது.

முதற்பாதியில் சொந்த மைதானத்து அணி காற்றோடு ஆடியது. காற்றோடு என்றால் உண்மையிலேயே காற்றோடுதான். கோல் காப்பாளர் கையிலிருந்து விட்டு உதைத்த பந்தொன்று நடுக்கோட்டைத் தாண்டி விழுந்து, ஒரு தடவை துள்ளி, எதிரணிக் காப்பாளரின் தலைக்கு மேலாகச் சென்று வலைக்குள் புகுந்தது. சிறிது நேரத்தின் பின்னர் அதே போன்றதொரு நீண்ட உதையை உயரமான முன்கள வீரன் தலையால் முட்டி இரண்டாவது கோலைப் பெற்றான். இடைவேளையின்போது 2-0. பார்வையாளர்களுக்குப் பெருமகிழ்ச்சி.

இரண்டாம் பாதியில் பக்கம் மாறியது. காப்பாளர் உதைத்த பந்துகள் மேலே எழுந்து, வானில் ஒரு கணம் தயங்கி, உதைத்தவரின் பக்கமே திரும்பி வரத் தொடங்கின. அப்போதும் அவ்வணி அதே உதையைத்தான் உதைத்தது. அணியில் ஒரேயொரு பையன் மட்டும் வேறுவிதமாக ஆடினான். எட்டாம் இலக்கச் சட்டை. முழங்காலைத் தொடும் அளவுக்கு அது அவனுக்குப் பெரிதாயிருந்தது. பந்து காலில் விழுந்ததும் தலையை நிமிர்த்திப் பார்ப்பான்; அருகில் நிற்பவனுக்குத் தரையோடு கொடுப்பான்; கொடுத்துவிட்டு ஓடி மீண்டும் வாங்குவான். அவனால் மட்டுமே பந்து அவ்வணியினரிடம் சிறிது நேரம் தங்கியது. இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடங்கள் கடந்திருக்கும். பயிற்றுநர் அவனை வெளியே அழைத்துவிட்டு, அவனைவிட ஒரு முழம் உயரமான இன்னொரு முன்கள வீரனை உள்ளே அனுப்பினார்.

அதற்குப் பின் மூன்று கோல்கள். 2-3 என்ற கணக்கில் சொந்த மைதானத்து அணி தோற்றது. அந்தப் பையன் சட்டையின் நுனியைக் கடித்தபடி எல்லைக்கோட்டுக்கு அருகில் மணலில் அமர்ந்திருந்தான்.

ஆட்டம் முடிந்ததும் எதிரேயிருந்த தேநீர்க் கடையில் விவாதம் சூடு பிடித்தது. நாணயச் சுழற்சியில் வென்ற அணித்தலைவன் முதற்பாதியில் காற்றை எடுத்தது மடைமை என்றார் ஒருவர். உயரமான பையனை இன்னும் முன்னதாகவே அனுப்பியிருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். பிள்ளைகளிடம் மூச்சில்லை, ஓட்டப் பயிற்சி போதாது என்றார் கடைக்காரர். மூன்று தரப்பினரும் தோல்விக்குக் காரணம் தேடினார்களே தவிர, அணி எப்படி ஆடியது என்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. அதனைச் சொல்வதற்கு முன் அந்தக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இப்பகுதியை அறியாத வாசகர்களுக்காக: மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரையில் தென்மேற்குப் பருவக்காற்று இக்கரையோரத்தை ஓயாமல் அறைகின்றது. சோளகம் என்றும் கச்சான் என்றும் அதன் திசைக்கேற்ப மீனவர்கள் பெயரிட்டு அழைப்பர். மாம்புரியில் காற்றாலைகள் நிறுவப்பட்டிருப்பதும், கற்பிட்டிக்கு உலகெங்கிலுமிருந்து காற்றாடிச் சறுக்கு விளையாட்டுக்காரர்கள் வந்து குவிவதும் இக்காற்றை நம்பித்தான். புத்தளத்து உப்பளங்களில் உப்பு விளைவதற்கு வெயிலோடு இக்காற்றும் உதவுகின்றது. ஆக, மின்சாரம், உல்லாசப் பயணம், உப்பு ஆகிய மூன்றுக்கும் பயன்படும் காற்றைப் பாடசாலைப் பிள்ளைகள் மட்டும் பயன்படுத்தக் கூடாது என்று சொல்ல நான் யார்? காற்றைப் பயன்படுத்துவது தவறன்று. காற்று இல்லாதபோது என்ன செய்வது என்பதைக் கற்றுக்கொடுக்காமல் விடுவதுதான் தவறு.

நாணயச் சுழற்சியை முதலில் எடுத்துக்கொள்வோம். அணித்தலைவன் செய்தது சரியென்றே கருதுகிறேன். கடற்கரையில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள்: பிற்பகலில் உச்சத்தில் வீசும் காற்று, பொழுது சாயச் சாயப் பெரும்பாலும் தணியும். மூன்றரை மணிக்கு ஆட்டம் தொடங்குமானால் வலுவான காற்று முதற்பாதிக்குரியது. அதனை எடுத்துக்கொண்டவன் புத்திசாலி. அன்றும் அப்படியே நிகழ்ந்தது. இரண்டாம் பாதியில் எதிரணிக்குக் கிடைத்த காற்று, முதற்பாதியில் நமது பிள்ளைகளுக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. குறைந்த காற்றில் அவர்கள் மூன்று கோல்கள் பெற்றார்கள். மிகுந்த காற்றில் நாம் இரண்டே பெற்றோம். தோல்விக்குக் காற்றைக் குற்றம் சாட்ட முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

மறுநாட் காலையில் அந்தப் பயிற்றுநரைச் சந்தித்தேன். விஞ்ஞானம் கற்பிக்கும் இளம் ஆசிரியர். உதைபந்தாட்டத்துக்கென நியமிக்கப்பட்டவர் அல்லர்; விருப்பத்தின் பேரில் மாலை வேளைகளில் நின்று பயிற்சியளிப்பவர். எனது குறையைக் கேட்டு அவர் கோபப்படவில்லை. மைதானத்துக்கு அழைத்துச் சென்று காட்டினார். தண்ட உதைப் பகுதியில் இரண்டு கழுதைகள் படுத்திருந்தன. புத்தளத்துக் கழுதைகளைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. புல் தீவு தீவாக முளைத்திருந்தது; எஞ்சிய இடமெல்லாம் மணலும் நெருஞ்சியும்.

“ஐயா, இந்தத் தரையில் பந்தை உருட்டினால் அது எங்கே போகும் என்று எனக்கே தெரியாது. பிள்ளைக்கு எப்படித் தெரியும்? மேலால் அடித்தால் ஆபத்துக் குறைவு” என்றார் அவர்.

பயிற்சிக்குக் கிடைப்பது வாரத்தில் மூன்று மாலைகள். நல்ல நிலையில் உள்ள பந்துகள் நான்கு. அரைவாசிப் பிள்ளைகள் பாடசாலை முடிந்ததும் பிரத்தியேக வகுப்புக்கு ஓட வேண்டியவர்கள். இன்னும் சிலர் தகப்பனோடு கடலுக்குப் போகிறவர்கள். அதிபருக்குக் கிண்ணம் வேண்டும். பழைய மாணவர்களுக்குக் கிண்ணத்தோடு எடுத்த படம் வேண்டும். குறுகிய பரிமாற்றங்களைக் கற்பிக்க இரண்டு ஆண்டுகள் தேவை; நீண்ட உதையைக் கற்பிக்க இரண்டு மாலைகள் போதும். “நீங்கள் எனது இடத்தில் இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. எழுந்தமானமாக அதற்குப் பதில் சொல்லக்கூடாது என்று எண்ணித்தான், நீண்ட உதை ஆட்டத்தின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டுமென்று நினைத்தேன்.

இங்கிலாந்தில் சாள்ஸ் ரீப் என்றொருவர் இருந்தார். விமானப்படையில் கணக்காளராகப் பணிபுரிந்தவர். 1950இல் சுவிண்டன் அணியின் ஆட்டமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பென்சிலையும் குறிப்பேட்டையும் எடுத்து ஒவ்வொரு பந்துப் பரிமாற்றத்தையும் குறிக்கத் தொடங்கியவர், பல ஆண்டுகள் அதை விடவில்லை. 1968இல் பெர்னார்ட் பெஞ்சமின் என்ற புள்ளிவிவர அறிஞருடன் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரையையும் வெளியிட்டார். அவருடைய முடிவு இது: கோல்களில் ஏறத்தாழ 80 வீதமானவை மூன்று அல்லது அதற்குக் குறைந்த பரிமாற்றங்களிலிருந்தே கிடைக்கின்றன. எனவே பந்தை இங்குமங்கும் தட்டிக்கொண்டிருப்பது வீண். விரைவாக முன்னே அனுப்புங்கள். ஒரு தலைமுறை ஆங்கிலப் பயிற்றுநர்கள் இதனை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். நமது பாடசாலை மைதானங்களில் “முன்னுக்கு அடி, முன்னுக்கு அடி” என்று கேட்கும் கூச்சலின் மூலத்தைத் தேடிப்போனால் அங்கேதான் போய் நிற்போம் போலும்.

ஆனால் ரீப்பின் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. அவருடைய ஏட்டிலேயே அதற்கான ஆதாரமும் இருந்தது. ஆட்டத்தில் நிகழும் நகர்வுகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டால், அவற்றுள் 91 வீதத்துக்கும் அதிகமானவை மூன்று அல்லது அதற்குக் குறைந்த பரிமாற்றங்களோடு முடிந்துவிடுபவையே. நூறு நகர்வுகளில் தொண்ணூற்றொன்று குறுகியவை. ஆனால் நூறு கோல்களில் எண்பதுதான் அவற்றிலிருந்து வருகின்றன. நூற்றில் ஒன்பதுக்கும் குறைவான நீண்ட நகர்வுகளோ இருபது கோல்களைத் தருகின்றன. அப்படியானால் எது அதிகப் பலன் தருவது? ஒன்பதாம் வகுப்புக் கணிதம். இதனைப் பிற்காலத்தவர்கள் எடுத்துக்காட்டினார்கள். 2005இல் மைக் ஹியூஸ், இயன் ஃபிராங்க்ஸ் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வும் நகர்வுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்து ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தது.

இதனால் நீண்ட உதை என்பதே பாவம் என்று நான் வாதிடவில்லை. நோர்வேயைப் பாருங்கள். 1990 முதல் 1998 வரை அந்நாட்டு அணியைப் பயிற்றுவித்த எகில் ஓல்சன் நீண்ட உதையின் பக்தர். ரீப்பின் எழுத்துகளை மதித்தவர். அவரது காலத்தில் நோர்வே 1994, 1998 ஆகிய இரு உலகக் கிண்ணப் போட்டிகளுக்கும் தகுதி பெற்றது. 1998 ஜூன் 23ஆம் திகதி மார்செய்ல் நகரில் பிறேசிலை 2-1 என வென்றது. ஆனால் ஓல்சனின் நீண்ட உதை, கண்ணை மூடிக்கொண்டு உதைத்ததன்று. யொஸ்தைன் புளோ என்ற உயரமான வீரரை வழக்கம்போல நடுவில் நிறுத்தாமல் வலது ஓரத்தில் நிறுத்தினார். எதிரணியில் ஓரப் பின்கள வீரர்கள் பொதுவாக உயரம் குறைந்தவர்கள். இடது புறத்திலிருந்து குறுக்காக வரும் நீண்ட பந்தைப் புளோ தலையால் தட்டிவிட, அது விழப்போகும் இடத்தை நோக்கி நடுக்கள வீரர்கள் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருப்பார்கள். யார் உதைப்பது, யாருக்கு உதைப்பது, தட்டிய பந்தை எடுப்பது யார், எடுக்கத் தவறினால் எதிரணியை அந்த இடத்திலேயே மறிப்பது யார் என்ற நான்கு கேள்விகளுக்கும் அங்கே விடை இருந்தது.

நான் பார்த்த ஆட்டத்தில் முதற் கேள்விக்கு மட்டுமே விடை இருந்தது. காப்பாளர் உதைத்தார். இரண்டாவது கேள்விக்கு, “காற்று கொண்டுபோகும் இடத்துக்கு” என்பதே விடை. முதற்பாதியில் அவ்வாறு உதைக்கப்பட்ட பந்துகளில் அரைவாசிக்கும் மேற்பட்டவை யாருடைய காலையும் தொடாமல் எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டி வெளியே ஓடின. இரண்டு கோல்களின் ஆரவாரத்தில் அதனை யாரும் கவனிக்கவில்லை.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்ல வேண்டும். காற்றோடு ஆடுவது எளிது, காற்றுக்கு எதிராக ஆடுவது கடினம் என்பது பார்வையாளரின் எண்ணம். பந்தைக் காலில் வைத்து ஆடியவர்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள். காற்றோடு ஆடும்போது பின்கள வீரர்களுக்கு நடுவாக ஊடுருவி அனுப்பும் பந்து நிற்பதில்லை. துரத்தி ஓடும் வீரனுக்கு முன்னே வழுக்கிக்கொண்டு வெளியே போய்விடும். எதிர்க்காற்றில் அதே பந்து தயங்கும். ஓடிவரும் வீரனுக்காகக் காத்திருக்கும். ஆகவே இரண்டாம் பாதிதான் தரையோடு ஊடுருவும் பந்துகளுக்கு ஏற்ற பாதி. அந்தப் பந்துகளைக் கொடுக்கக் கூடியவன் அணியில் ஒருவன்தான் இருந்தான். அவனைத்தான் வெளியே எடுத்தார்கள்.

உயரமான வீரனை அனுப்பியதன் நோக்கம் என்ன? உயரப் பந்துகளைத் தலையால் வெல்வது. ஆனால் எதிர்க்காற்றில் உயரப் பந்து அவனிடம் போய்ச் சேரவே இல்லையே! நடுக்கோட்டுக்கு அப்பால் அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பந்து இவ்விடத்தில் நமது காப்பாளரின் எல்லைக்குள்ளேயே துள்ளிக்கொண்டிருந்தது. முதற்பாதிக்குரிய மருந்தை இரண்டாம் பாதி நோய்க்குக் கொடுத்தார் பயிற்றுநர். நோயாளி தேறாததில் வியப்பில்லை.

வேறு என்ன செய்திருக்கலாம்? 2019இல் ஆட்ட விதிகளில் ஒரு மாற்றம் வந்தது. அதுவரை கோல் உதையாக உதைக்கப்படும் பந்து தண்ட உதைப் பகுதியைத் தாண்டிய பின்னரே மற்றவர் தொடலாம். இப்போது பந்து காலால் தட்டப்பட்டு அசைந்தவுடன் சக வீரன் பகுதிக்குள்ளேயே அதனை வாங்கலாம். எதிரணியினர் பகுதிக்கு வெளியே நிற்க வேண்டும். காற்றுக்கு எதிராக ஆடும் அணிக்கு இதைவிடப் பெரிய வரப்பிரசாதம் இல்லை. காப்பாளர் பக்கத்தில் நிற்கும் பின்கள வீரனுக்கு மெல்லத் தட்ட, அவன் ஓரமாகக் கொண்டுபோய் எட்டாம் இலக்கத்திடம் சேர்த்திருக்கலாம். பந்து வெளியே போனால் கையால் எறிவதற்குக் காற்று அவ்வளவு தடையில்லை; எறிபந்துக்கு ஓஃப்சைட் விதியும் இல்லை. காற்றுக்கு ஒதுக்கான ஓரத்தில் மரங்கள் நின்ற பக்கமாக ஆட்டத்தை நகர்த்தியிருக்கலாம். இவையெல்லாம் காசு கேட்கும் காரியங்கள் அல்ல. ஆனால் ஒரு தடவையேனும் பயிற்சியில் செய்து பார்த்திருக்க வேண்டும். அந்த அணி எதிர்க்காற்றில் பயிற்சி செய்ததே இல்லை என்று ஆசிரியரே ஒப்புக்கொண்டார்.

இந்த இடத்தில் பொலிவியாவின் கதை நினைவுக்கு வருகின்றது. அந்நாட்டின் லா பாஸ் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,600 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே விளையாட வரும் அணிகளுக்கு மூச்சு வாங்கும். 2009 ஏப்ரல் 1ஆம் திகதி மரடோனா பயிற்றுவித்த ஆர்ஜென்டீனா அணி, மெஸ்ஸியையும் வைத்துக்கொண்டு, அங்கே 6-1 எனத் தோற்றது. உலகமே வியந்தது. ஆனால் அதே பொலிவியா மலையை விட்டு இறங்கினால் என்ன நடந்தது? 1993இல் வெனிசுவேலாவில் பெற்ற வெற்றிக்குப் பின்னர், உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டங்களில் அந்நிய மண்ணில் இன்னொரு வெற்றியைப் பெறுவதற்கு அவர்கள் 2024 செப்டெம்பர் வரை, சிலியை அதன் சொந்த மண்ணில் வெல்லும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. முப்பத்தொரு ஆண்டுகள்! மலை தந்த வெற்றிகள் மலையோடு நின்றுவிட்டன.

நமது கரையோரக் கல்லூரிகளிலும் இதனை நான் கண்டிருக்கிறேன். வலய மட்டத்தில் வெல்வார்கள், மாவட்டத்திலும் வெல்வார்கள். மாகாண மட்டப் போட்டிக்காகக் குருநாகல் பக்கம் போனால், காற்றில்லாத, புல் நிறைந்த மைதானத்தில் திகைத்து நிற்பார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் “மத்தியஸ்தர் சரியில்லை” என்று பேச்சு நடக்கும்.

அந்த எட்டாம் இலக்கப் பையனிடம் திரும்புகிறேன். அவனைப் பற்றி விசாரித்தேன். அவனுடைய பாட்டனார் வடக்கிலிருந்து வந்தவர். 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டபோது, அவர்களுள் பெரும்பாலானோர் இந்தப் புத்தளம் மாவட்டத்தில்தான் வந்து தங்கினர். அக்காலத்தில் செய்தி சேகரிக்க அகதி முகாம்களுக்கு வந்துபோனவன் நான். கிடுகுக் கொட்டில்களுக்கு நடுவே இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத ஒழுங்கைகள். அந்த ஒழுங்கைகளில் பிள்ளைகள் பந்தடிப்பார்கள். உயர்த்தி அடித்தால் பந்து கூரையில் விழும். கொட்டிலுக்குள்ளிருந்து ஏச்சு வரும். ஆகவே தரையோடு, நெருக்கமாக, காலோடு ஒட்டி ஆடப் பழகிக்கொண்டார்கள். பாட்டனார் வழியிலோ தகப்பன் வழியிலோ அந்த ஆட்டம் இப்பையனின் கால்களுக்கு வந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நிரூபிக்க முடியாத நினைப்புத்தான். ஆனால் அவன் பந்தை வாங்கியபோது எனக்கு அந்த ஒழுங்கைகள் நினைவுக்கு வந்தது உண்மை.

பதினைந்து வயதில் உயரம் பார்த்து அணியைத் தேர்ந்தெடுப்பதில் ஓர் அநீதி இருக்கின்றது. அந்த வயதில் சிலர் முன்னதாக வளர்ந்துவிடுகிறார்கள்; சிலர் பிந்தி வளர்கிறார்கள். ஜனவரியில் பிறந்தவனும் டிசெம்பரில் பிறந்தவனும் ஒரே வயதுப் பிரிவில் நிற்கிறார்கள். முன்னதாக வளர்ந்தவன் இன்றைக்கு ஆட்டத்தை வென்று தருவான். இருபது வயதில் எல்லோரும் அவன் உயரத்துக்கு வந்துவிடும்போது, தலையால் முட்டுவதைத் தவிர வேறெதுவும் கற்றுக்கொள்ளாத அவன் ஆட்டத்தை விட்டுப் போவான். சிறிய பையனோ பதினைந்திலேயே மனமுடைந்து போயிருப்பான். ஆக இருவரையும் இழக்கிறோம்.

ஆசிரியராயிருந்து பயிற்றுநரான ஒருவர் என்ன செய்ய முடியும் என்பதற்கு நமது அயலிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம் பாடசாலை ஆசிரியராகத் தொழில் பார்த்தவர். அவர் பயிற்றுவித்த இந்திய அணி 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் அவுஸ்திரேலியாவை 4-2 என வென்று நான்காம் இடத்தைப் பெற்றது. 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தென்கொரியாவை 2-1 என வென்று தங்கம் பெற்றது. ஹைதராபாத்தில் அவர் இளைஞர்களுக்கு விசித்திரமான சுற்றுப்போட்டிகளை நடத்தினார். ஒரு போட்டியில் பந்தைக் காலில் வைத்து எதிராளியைக் கடந்து ஓடக் கூடாது; வாங்கியவுடன் கொடுத்துவிட வேண்டும். இன்னொன்றில் பலவீனமான காலால் மட்டுமே உதைக்க வேண்டும். செலவில்லாத விதிகள். ஆனால் ஒரு நகரத்தின் ஆட்டத்தையே அவை மாற்றின.

அதே ரஹீம், தேவைப்பட்டபோது உயரத்தையும் பலத்தையும் பயன்படுத்தத் தயங்கவில்லை. ஜகார்த்தாவில் பின்கள வீரர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயமேற்பட்டுத் தையல் போடப்பட்டது. ரஹீம் அவரை வெளியே அனுப்பவில்லை, முன்களத்துக்கு மாற்றினார். ஜர்னைல் சிங் அரையிறுதியிலும் கோல் பெற்றார், இறுதியாட்டத்திலும் பெற்றார். ஆக, பலசாலியை முன்னே அனுப்புவது தவறான முடிவு என்று எப்போதும் சொல்ல முடியாது. அவருக்குப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க பி.கே. பானர்ஜியும் சுனி கோஸ்வாமியும் துளசிதாஸ் பலராமும் களத்தில் இருந்தார்கள் என்பதுதான் வேறுபாடு. பலராமை வெளியே எடுத்துவிட்டு ஜர்னைலை ரஹீம் முன்னே அனுப்பவில்லை.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கும் இதில் ஒரு பங்குண்டு. லண்டனிலிருந்தும் டோஹாவிலிருந்தும் ரொறொன்ரோவிலிருந்தும் பழைய மாணவர்கள் தாம் படித்த கல்லூரிக்குச் சட்டைகள் அனுப்புகிறார்கள், கிண்ணங்கள் அனுப்புகிறார்கள். நல்ல மனம்தான். ஆனால் சட்டை அனுப்புபவர் பதிலுக்கு வெற்றியை எதிர்பார்க்கிறார். அந்த எதிர்பார்ப்பு அதிபர் மீது விழுகின்றது. அதிபரிடமிருந்து ஆசிரியர் மீது. ஆசிரியரிடமிருந்து பிள்ளை மீது. வெற்றிக்கான குறுக்குவழி காற்றோடு உதைப்பது. சட்டைக்குப் பதிலாகப் பந்துகளை அனுப்புங்கள். மைதானத்துக்கு ஒரு வேலியும் நீர்க்குழாயும் போட்டுக்கொடுங்கள். ஆசிரியர் ஒருவருக்குப் பயிற்றுநர் பாடநெறிக்கான செலவைக் கொடுங்கள். மூன்று ஆண்டுகளுக்குக் கிண்ணத்தைப் பற்றிக் கேட்கமாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் பெரிய உதவி.

நமது தேசிய அணியைப் பார்த்தாலும் இந்த உண்மை விளங்கும். 2021 ஜூனில் தென்கொரியாவில் நடைபெற்ற உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் லெபனானுக்கு எதிராக 3-2 என்ற கணக்கில் போராடித் தோற்றோம். நமது இரண்டு கோல்களையும் பெற்றவர் வசீம் ராசீக். பெர்லினில் பிறந்து, அங்கேயே ஆட்டம் பயின்றவர். அதற்குப் பின்னரும் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வளர்ந்த இலங்கை வம்சாவளி இளைஞர்கள் அணிக்குள் வந்தார்கள். அவர்களை வரவேற்கிறேன். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அதே இரத்தம், அதே உடல்வாகு. பெர்லினில் வளர்ந்தவனுக்குக் கிடைத்து, கற்பிட்டி வீதியில் வளர்ந்தவனுக்குக் கிடைக்காதது எது? பத்து வயதில் பந்தைக் காலில் வைத்திருக்கக் கிடைத்த அவகாசம்தான்.

இவ்வளவையும் அந்த ஆசிரியரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “மூன்று மாலைகளில் ஒன்றை மட்டும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா” என்றார் இறுதியில். அந்த ஒரு மாலையில் ஆறு பேருக்கு ஆறு பேர், சிறிய எல்லைக்குள், முழங்காலுக்கு மேலே பந்து எழும்பினால் எதிரணிக்குப் பந்து என்ற விதியுடன், இரண்டு பாதியும் காற்றுக்கு எதிராகவே மாறி மாறி ஆட விடுவதாக ஒப்புக்கொண்டார். கழுதைகளை விரட்டும் பொறுப்பைப் பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் கொடுக்கப் போவதாகவும் சொன்னார்.

அவர் வாக்குறுதியை நம்புகிறேன். ஆனால் அதிபர் பொறுப்பாரா, பழைய மாணவர் சங்கம் பொறுக்குமா என்பதற்கு அவரால் உத்தரவாதம் தர இயலாது. அடுத்த ஆட்டத்தில் அவர்கள் தோற்றால் மறுபடியும் தேநீர்க் கடையில் விசாரணை நடக்கும். தரையோடு ஆடித் தோற்றதாகக் குற்றப்பத்திரிகை வாசிக்கப்படும். அப்போது அந்தக் கடையில் யாரேனும் ஒருவர், “பொறுங்கள், இந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு வருடம் கொடுப்போம்” என்று சொல்ல வேண்டும்.

திருமணம் முடிந்து புறப்பட்ட அன்று காலை, பஸ் மைதானத்தைக் கடந்தது. காற்று வழக்கம்போல வீசிக்கொண்டிருந்தது. எட்டாம் இலக்கப் பையன் மைதானத்துச் சுவரில் பந்தை உதைத்து, திரும்பி வருவதை வாங்கி, மீண்டும் உதைத்துக்கொண்டிருந்தான். தனியாகத்தான் நின்றான். சுவர் மட்டும் அவனுக்குப் பந்தைத் தரையோடு திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.